பூவும் மருந்தும் கலந்த குழி

பதினொண்ணு பத்துக்கு உள்ள வச்சேன், மூணு பத்துக்கு வெளிய எடுக்கணும், நடுவுல நாலு மணி நேரம், அந்த நாலு மணி நேரமும் நான் அத ஒண்ணும் பண்ண முடியாது, கதவத் திறந்து எட்டிப் பாக்கக்கூட கூடாது, திறந்தா உள்ள இருக்கற சூடு எறங்கிடும். முப்பத்தேழு டிகிரி. மனுஷ உடம்போட சூடு. அந்தப் பெட்டிக்குள்ள கைய விட்டா யாரோட அக்குள்லயோ கைய விட்ட மாதிரி இருக்கும்னு சேர்ந்த புதுசுல நான் வாய விட்டு, சீனியர் பெனடிக்ட் அண்ணன் அத லேப் முழுக்க பரப்பி, ரெண்டு மாசம் அந்தப் பெட்டிக்கே அக்குள்னு பேரு. "தில்லை, அக்குள்ல உன் பிளேட்டு எத்தனாவது தட்டுல இருக்கு?" இன்னைக்கு ரெண்டாவது தட்டு. தொண்ணூத்தாறு குழி, கட்டை விரல் சைஸ் ஆளுங்களுக்கு செஞ்ச பணியாரச் சட்டி மாதிரி, ஒவ்வொரு குழியிலயும் அஞ்சாயிரம் செல்லு, எல்லாம் வயித்துப் புத்து செல்லு. எல்லாமே ஒரே பொம்பளையோடது. அமெரிக்காவுல யாரோ ஒரு அம்மா, அம்பத்துநாலு வயசுல அவங்க வயித்துலேர்ந்து எடுத்தது, நான் பொறக்கறதுக்கு எவ்ளோ முன்னாடியோ, அவங்க பேரு யாருக்கும் தெரியாது, அவங்க செல்லு மட்டும் திருச்சியில ரோஸ் கலர் தண்ணி குடிச்சிக்கிட்டு வளந்துக்கிட்டு இருக்கு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா நான் தண்ணி மாத்தி விடணும், தீபாவளின்னாலும் மாத்தணும், அதுக்கு நாங்க சோறு போடறதுன்னு சொல்லுவோம். "செல்லங்களுக்கு சோறு போட்டியா?" போட்டேன். சோறு போட்டு வளத்து, அப்புறம் மருந்து ஊத்தி, அப்புறம் இந்த மஞ்சள் சாயம். உசுரோட இருக்கற செல்லு மஞ்சளத் தின்னு ஊதாவா மாத்தும். செத்தது தின்னாது, மஞ்சள் மஞ்சளாவே கிடக்கும். ஊதான்னா உசுரு, மஞ்சள்னா சாவு. வீட்ல எதுக்கெடுத்தாலும் மஞ்சள் வைக்கறாங்க, புதுத்துணி மூலையில, கல்யாணப் பத்திரிகை நாலு ஓரத்துல, இங்க மஞ்சள்னா எல்லாம் காலி, ஆனா எல்லாம் காலின்னாதான் நமக்கு மங்களம், அப்ப சரிதான், சுத்தி வந்து அதே எடத்துலதான் நிக்குது. இப்ப பதினொண்ணு இருவத்தஞ்சு. அரையாண்டு ரிப்போர்ட் அடிக்கணும், ஃபைல திறந்து வச்சிருக்கேன், தலைப்புக்குக் கீழ ஒரு கோடு மினுக்கு மினுக்குன்னு நிக்குது. கைடு மேடம் வெள்ளிக்கிழமை கேப்பாங்க.

ரிப்போர்ட்டோட மொத வரி என்னன்னு எனக்கு மூணு மாசமா மனப்பாடம். ஆவாரம்பூவுலேர்ந்து பிரிச்ச மூணாம் பகுதியும் வழக்கமா ஏத்தற கீமோ மருந்தும் சேந்தா, தனித்தனியா குடுக்கறத விட பல மடங்கு செல்லு சாவுது. அந்த வரி எனக்குள்ள வந்த அன்னைக்கு நான் லேப்புல நின்ன எடத்துலயே குதிச்சேன். நெஜமாவே குதிச்சேன், ஷூ உறை கிழிஞ்சிது. போகிக்கு மொத நாள். பூவும் மருந்தும் இல்லாத குழி ஊதா. மருந்து மட்டும் போட்ட குழி வெளுத்த ஊதா. பூ மட்டும் போட்ட குழி நல்ல ஊதா. ரெண்டும் கலந்த குழி மஞ்சளோ மஞ்சள், ஒரு பொட்டு ஊதா இல்ல. போட்டோ எடுத்தேன், படம் போட்டேன், நாலு தூண், மூணு தூண் ஓங்கி நிக்குது, நாலாவது தூண் குட்டியா, கட்டெறும்பு ஒசரத்துக்கு. அன்னைக்கே பஸ் ஏறி விருத்தாசலம். பஸ்ல அம்மாவுக்கு போன் பண்ணி, "அம்மா, எல்லாம் செத்துப்போச்சும்மா! ஒண்ணு விடாம!"ன்னு கத்தி, முன்சீட்டுக்காரர் திரும்பி என் மூஞ்சியப் பாத்து, நான் சிரிக்கறதப் பாத்து, எழுந்து வேற சீட்டுக்குப் போய்ட்டாரு. வீட்டுக்குக்கூட போகல, நேரா சித்தப்பா கடைக்குப் போனேன், தாலுக்கா ஆபீஸ் எதிர்க்க, ஜெராக்ஸ், டைப்பிங், நோட்டீஸ், லேமினேஷன். சித்தப்பாவுக்கு வயித்துல புத்துன்னு கார்த்திகையிலதான் தெரிஞ்சுது. பொங்கல் கழிச்சு மொத டோஸ் ஏத்தறதா இருந்துச்சு. அந்த ஆளு உக்காந்து யாருக்கோ கண்ணீர் அஞ்சலி அடிச்சிக்கிட்டு இருந்தாரு, அதுதான் கடையில ஓடற பெரிய வேலை, ரோஜாப்பூ பார்டர் ஒண்ணு, மெழுகுவத்தி பார்டர் ஒண்ணு, என்னப் பாத்ததும், "வா ஆயி. எனக்கும் ஒண்ணு ரெடி பண்ணிட்டன், போட்டோ மட்டும்தான் பாக்கி, ஆதார்ல இருக்கறத மட்டும் வச்சிடாதீங்க, அதுல நானே எறந்தவன் மாதிரி இருக்கன்"னாரு. நான் சிரிக்காம போன நீட்டினேன். நாலு தூணக் காட்டினேன். விளக்கினேன். கை காலெல்லாம் ஆட்டி விளக்கினேன். சித்தப்பா அந்தக் குட்டித் தூண ரொம்ப நேரம் பாத்தாரு. ஷட்டருக்கு மேல போகிக்காக சித்தி கட்டின காப்பு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. சித்தப்பா நாற்காலிய விட்டு எழுந்து, எட்டி, அதுலேர்ந்து ஒரு பூவக் கிள்ளி உள்ளங்கையில வச்சுப் பாத்தாரு. இது வேலை செய்யுதா பாப்பா? செய்யுது சித்தப்பா. ஒங்க மருந்தும் இதுவும் சேந்தா எல்லாம் செத்துருது. அப்ப அவரு சொன்னாரு, ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சும்மாவா சொன்னாங்க. அந்தப் பழமொழி அன்னைக்கு எனக்கு என்னோட படத்துக்குக் கீழ யாரோ முத்திரை குத்தின மாதிரி இருந்துச்சு. இப்ப பெட்டி முன்னாடி ஸ்டூல்ல உக்காந்து யோசிச்சா பழமொழி எனக்கு எதிராத்தானே பேசுது. ஆவாரை இருந்தா சாவு இல்ல. நான் சாகணும்னுல்ல சொல்றேன். செல்லுங்க சாகணும். பூ இருக்கற எடத்துல யாரும் சாவறதில்லன்னா, செல்லும்தான சாவாது? பழமொழிக்கு யாரோட உசுருன்னு வித்தியாசம் தெரியுமா?

பன்னண்டரை. லெமன் சாதம் கொண்டு வந்தேன், டப்பாவத் திறந்து மூடிட்டேன். இன்னும் ரெண்டு மணி நாப்பது நிமிஷம். பெனடிக்ட் அண்ணன் மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சிக்கிட்டே, "என்னா தில்லை, சாப்பாடும் கன்ட்ரோலா?"ன்னாரு. அந்த வார்த்தைய அவரு சும்மாத்தான் சொல்றாரு, எனக்குத்தான் குத்துது. கன்ட்ரோல்னா பூவும் மருந்தும் இல்லாம, ஒப்பிட்டுப் பாக்க வைக்கற குழி. போன வாரம் செவ்வாக்கிழமை இதே எடத்துல நின்னு அவரு கேட்ட ஒரே கேள்வி. "கன்ட்ரோல் குழியில எவ்ளோ ஊத்தின?" எத அண்ணா? "கரைப்பானத்தான்." பூவுலேர்ந்து எடுத்த தூளு தண்ணியில கரையாது, அதுக்குன்னு ஒரு திரவம் இருக்கு, டி.எம்.எஸ்.ஓ.ன்னு சொல்லுவோம், அதுலதான் கரைக்கணும், கையில ஒரு சொட்டு பட்டா கொஞ்ச நேரத்துல வாயில பூண்டு வாசனை வரும், தோலு வழியா உள்ள பூந்துரும், செல்லுக்குள்ளயும் அப்படித்தான் பூந்துக்கும், கொஞ்சமா ஊத்தினா செல்லு தாங்கும், கூட ஊத்தினா செத்துரும். மருந்தயும் நான் அதுலதான் கரைச்சேன். நூத்துக்கு அரை பங்கு ஊத்தினேன் அண்ணா, எல்லாரும் ஊத்தறதுதான். "சரி, கலந்த குழியில?" அரை. சொல்லும்போதே ஒறைச்சுது. மருந்து தன்னோட அரைப் பங்கக் கொண்டு வருது. பூ தன்னோட அரைப் பங்கக் கொண்டு வருது. விருந்தாளிங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கொடம் தண்ணியத் தூக்கிட்டு வந்தா வீட்ல ரெண்டு கொடம். கலந்த குழியில மட்டும் திரவம் ரெட்டிப்பு. கூட வச்சுப் பாக்க ரெட்டிப்பு திரவம் மட்டும் ஊத்தின குழி ஒண்ணு வேணும், நான் வைக்கல. அப்ப அன்னைக்குக் கொன்னது யாரு? பூவா, மருந்தா, ரெண்டும் சேந்தா, இல்ல பூவையும் மருந்தையும் தூக்கிட்டு வந்த தண்ணியா? பெனடிக்ட் அண்ணன் ஒண்ணும் திட்டல. "தில்லைக்கு ரிசல்ட் இல்லை"ன்னு மட்டும் சொன்னாரு, எதுகை அவருக்கே பிடிச்சுப்போய் ரெண்டு தடவ சொன்னாரு, நானும் சிரிச்சேன், சிரிச்சிட்டு ஹாஸ்டலுக்குப் போய் படுக்கைல உக்காந்தப்பதான் இன்னொரு குரல் கேட்டுச்சு. பொங்கலுக்கு மறுநாள் சித்தப்பா போன்ல கேட்டது. "ஏம் பாப்பா, பூவ எதுல கலந்து குடிக்கறது? தேன்லயா, பால்லயா, வெந்நீர்லயா? நாட்டு மருந்துன்னா அனுபானம்தான முக்கியம், எதுல சேத்துக் குடுக்கறமோ அதுவும் வேலை செய்யும்பாங்க." நான் என்ன சொன்னேன்? நான் விஞ்ஞானி இல்ல? "அதெல்லாம் பழைய பேச்சு சித்தப்பா. எதுல கலக்கறோம்ங்கறது முக்கியமே இல்ல, பூதான் முக்கியம். வெறும் தண்ணியில கொதிக்க வச்சுக் குடிங்க." ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டுட்டாரு. நான் அஞ்சு வருஷம் படிச்சவ, கேக்கல. எதுல கலக்கறது. அத நான் ஒரு தடவ திருப்பி எனக்கே கேட்டிருந்தா போதும்.

ஒண்ணு நாப்பது. இன்னைக்கு பிளேட்டுல அந்தக் குழி இருக்கு. அஞ்சாவது வரிசை, ரெட்டிப்பு திரவம் மட்டும், பூவும் இல்ல மருந்தும் இல்ல. அந்த வரிசையும் மஞ்சளா வந்தா கதை முடிஞ்சுது, போகிக்கு மொத நாள் நான் குதிச்சது ஒரு பாட்டில் திரவத்துக்கு. ஊதாவா வந்தா பொழச்சேன். இப்படித்தான் செவ்வாக்கிழமைலேர்ந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன், பொழச்சேன், முடிஞ்சுது, பொழச்சேன், முடிஞ்சுது, இதுல நான் எங்க வர்றேன்? பொழைக்கறதும் முடியறதும் எனக்கு இல்ல. நாளைக்கு வியாழக்கிழமை, சித்தப்பாவுக்கு நாலாவது டோஸ். மூணு மாசமா காலைல ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர், சித்தி மாடியில பழைய நோட்டீஸ் பேப்பர விரிச்சு பூவக் காய வைக்கறாங்களாம், ஒரே கசப்பாம், குடிச்சிட்டு ஒரு கல்கண்டு. மூணாவது டோஸ் ரத்தத்துல வெள்ளை அணு கம்மின்னு ஒரு வாரம் தள்ளிப் போட்டாங்க. மருந்தாலயே கம்மியாகும், எல்லாருக்கும் ஆகறதுதான், புத்தகத்துல இருக்கு, பூவாலயும் ஆகுமான்னு புத்தகத்துல இல்ல, எந்தப் புத்தகமும் சித்தி கொதிக்க வச்ச டம்ளர அளந்து பாத்ததில்ல. இன்னொரு பக்கமும் இருக்கு, அந்தப் பக்கம்தான் யோசிக்கப் பிடிக்கல. பூ செல்லுக்குக் காவலா நின்னா? நல்ல செல்லுக்கு நிக்கற காவல் கெட்ட செல்லுக்கும் நின்னா? பூ மட்டும் போட்ட குழி நல்ல ஊதான்னு சொன்னேன்ல, வெறும் செல்லு குழியவிட ஒரு நூலு கூட ஊதா. அன்னைக்கு அது கண்ணுல பட்டுது. பட்டத பிழைன்னு ஒதுக்கிட்டு அடுத்த தூணுக்குப் போய்ட்டேன், ஏன்னா அடுத்த தூண் குட்டியா இருந்துச்சு. பெட்டி ஒரு தடவ கிர்ருன்னுது, காத்து ஏத்திக்குது, அடங்கிடுச்சு. போன எடுத்து பழைய மெசேஜ மேல தள்ளிக்கிட்டே போறேன். பூ காயற போட்டோ. டம்ளர் போட்டோ. தை மாசம் இருவத்தி ஒண்ணு. "டாக்டரம்மா எதாச்சும் நாட்டு மருந்து சாப்பிடறீங்களான்னு கேக்குறாங்க. சொல்லவா பாப்பா?" அதுக்குக் கீழ நான். "இப்ப வேணாம் சித்தப்பா. பேப்பர் வந்தப்புறம் பெருமையா காட்டலாம். இப்பச் சொன்னா திட்டுவாங்க." பக்கத்துல ஒரு சிரிப்பு பொம்மை. அந்த பொம்மை கண்ணுல தண்ணி வர சிரிக்குது. டாக்டர் கேட்டிருக்காங்க. அவங்க கேட்டது அவங்க வேலைய அவங்க ஒழுங்கா பாத்தது. இல்லன்னு சொல்லிட்டு வந்தாரு சித்தப்பா, எனக்காக. என் ஆராய்ச்சிப் பேப்பருக்காக. அழிக்கலாமா? என் பக்கம் அழிஞ்சா அவரு பக்கம் இருக்கும், அவரு மெசேஜக்கூட பிரின்ட் எடுத்து ஃபைல் பண்ற ஆளு. மூணு பத்துக்குப் பிளேட்டப் பாத்துட்டு போன் பண்ணலாம். கையில ஒரு பதில் இருந்தா பேசறது சுளுவு. பூ நல்லதுன்னா நல்லதுன்னு, கெட்டதுன்னா கெட்டதுன்னு. மூணு பத்து. அஞ்சாவது வரிசை ஊதான்னா என்ன சொல்லுவேன், தொடர்ந்து குடிங்கன்னா? அமெரிக்கா அம்மாவோட செல்லு ஒரு பிளாஸ்டிக் குழியில மூணு நாள் இருந்துச்சுன்னு விருத்தாசலத்துல ஒரு ஆளு டம்ளர எடுக்கறதா? மஞ்சள்னா நிறுத்துங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஊதான்னா... ஊதான்னாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரெண்டுக்கும் ஒரே வாக்கியம்தான். இத நான் எத்தன மணிக்குக் கண்டுபிடிச்சேன்? ரெண்டு இருவத்திரெண்டு. அப்ப செவ்வாக்கிழமைலேர்ந்து எதுக்குக் காத்திருக்கேன்? பிளேட்டுக்கு இல்ல. சொல்றதுக்கு முன்னாடி நாலு மணி நேரம், எட்டு நாள், எவ்ளோ கிடைக்குதோ அவ்ளோ.

வராந்தாவுக்கு வந்து அடிச்சேன். வெயில் கைப்பிடிச் சுவர்ல கொதிக்குது. நாலு ரிங்கு. "சொல்லு ஆயி." பின்னாடி யாரோ ஆதார் ரெண்டு பக்கமும் வேணும்னு கேக்கறாங்க. நாளைக்கு டோஸ வச்சிக்கிட்டு கடையிலயா சித்தப்பா இருக்கீங்கன்னேன். "வீட்ல இருந்தா ஒங்க சித்தி மூஞ்சி ஒண்ணுதான். இங்கன்னா நாலு மூஞ்சி வரும், அதுல ரெண்டு சிரிக்கும்." பூத்தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டேன். "காலைல ஆச்சு. ஏன், அளவு கூட்டணுமா?" நிறுத்திடுங்க சித்தப்பா. சொல்லிட்டேன். அவ்ளோதான், ரெண்டு வார்த்தை, வாய விட்டுப் போய்டுச்சு, வெயில் அப்படியேதான் இருக்கு. நான் சோதிச்சதுல ஒரு தப்பு இருக்கு, செல்லு செத்தது பூவாலயா நான் கரைச்ச திரவத்தாலயான்னு தெரியல, இன்னைக்கு மறுபடி போட்டிருக்கேன், ஆனா அது எப்படி வந்தாலும் நீங்க நாளைக்கு டோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லணும், மூணு மாசமா ரெண்டு டம்ளர்னு, அளவோட. "நீதான சொல்லாதன்ன?" நான்தான் சொன்னேன். "திட்டுவாங்கன்ன." திட்டட்டும் சித்தப்பா, என் பேரச் சொல்லுங்க, என்னயத் திட்டட்டும். "ஒன்னய எதுக்குத் திட்டப் போறாங்க, குடிச்ச வாயி என்னுது." அப்புறம், அவரு சிரிக்கற மாதிரி ஒரு சத்தம், "அப்பாடா, அந்தக் கருமத்த இனிமே குடிக்க வேணாம்னு சொல்ற. ஒங்க சித்தியயும் சேத்துக் காப்பாத்தின, பூ பொறுக்கியே இடுப்பு போச்சு." எனக்கு ஒடம்பு லேசாச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். வைக்கட்டுமான்னு கேக்கப் போனேன். அவரு கேட்டாரு, "இது எனக்கு மட்டுமா, இல்ல எல்லாருக்குமா?" எல்லாருக்கும்னா யாருக்கு சித்தப்பா? "வியாழக்கிழமை செட்டுக்கு." வியாழக்கிழமை செட்டு என்னன்னு எனக்குத் தெரியும், அவரு சொல்லியிருக்காரு, ஒரே ரூம்ல வியாழக்கிழமை தோறும் கையில ஊசியோட உக்காந்திருக்கறவங்க, டோஸ் இல்லாத வாரமும் ரத்த டெஸ்டுக்குன்னு இவரும் போய் உக்காருவாரு, பண்ருட்டி பலாப்பழ வியாபாரி, நெய்வேலி வாத்தியாரு, வடலூர் அக்கா ஒண்ணு, ஊறுகாய் யாரு கொண்டு வர்றதுன்னு முறை வச்சிருக்காங்க. அவங்களுக்கு என்ன? "என்னா என்னா? நோட்டீஸ் குடுத்தன்ல." என்ன நோட்டீஸ்? "ஒன்னோடதுதான். நாலு தூண் படம் அனுப்புனல்ல, அத நடுவுல போட்டு அடிச்சன். வாசிக்கவா? இரு, கம்ப்யூட்டர்லயே இருக்கு." வேணாங்கறதுக்குள்ள வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு, அந்த நோட்டீஸ் குரல்ல, காதுகுத்துக்கும் கருமாதிக்கும் ஒரே குரல். "வயிற்றுப் புற்றுநோயாளிகளுக்கு ஓர் நற்செய்தி. ஆவாரம்பூக் கஷாயமும் ஆஸ்பத்திரி மருந்தும் சேர்ந்தால் நோய்க் கிருமிகள் அனைத்தும் மடிகின்றன. கண்டுபிடித்தவர், டாக்டர் தில்லைநாயகி, திருச்சி." கிருமி இல்ல சித்தப்பா, செல்லுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அதத் திருத்தறதுல என்ன இருக்கு. நான் இன்னும் டாக்டர் இல்லன்னேன். "ஆகத்தான போற." எத்தன காப்பி? "பன்னண்டு. அன்னைக்கு ரூம்ல பன்னண்டு பேரு, எல்லாருக்கும் ஒண்ணொண்ணு. லேமினேட் பண்ணித்தான் குடுத்தன், ஆஸ்பத்திரியில ஈரம் பட்டுரும்ல." எல்லாரும் குடிக்கறாங்களா? "வடலூர் அக்கா அரைச்சு உருண்டையாவே முழுங்குது."

சுவத்துல சாஞ்சேன், சுட்டுது, சாஞ்சே நின்னேன். பன்னண்டு லேமினேட். ஒவ்வொருத்தர் வீட்டு மாடியிலயும் ஒரு பேப்பர்ல பூ காயுது. ஒவ்வொருத்தரயும் டாக்டரம்மா நாட்டு மருந்து சாப்பிடறீங்களான்னு கேட்டிருப்பாங்க. ஒருவேளை யாராவது ஒருத்தர் ஆமான்னு சொல்லியிருப்பாங்க. யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, சித்தப்பா அதயும் சொல்லிக் குடுத்திருப்பாரு, திட்டுவாங்க, சொல்லாதீங்கன்னு. அழணும்னு தோணல, பயங்கூட இல்ல, தொண்ணூத்தாறுல பன்னண்டுன்னா ஒரு வரிசைன்னு மனசு கணக்குப் போடுது, பிளேட்டுல நீள வரிசை சரியா பன்னண்டு குழி, இத வேற கண்டுபிடிக்குது. "பாப்பா, லைன்ல இருக்கியா?" இருக்கேன். கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கா சித்தப்பா? "இருக்கு." இன்னொரு நோட்டீஸ் அடிக்கணும், நாளைக்கு எல்லார் கையிலயும் குடுக்கணும், நான் சொல்லச் சொல்ல அடிங்க. நாற்காலி நகர்ற சத்தம். ஆதார்க்காரரப் பாத்து, "அண்ணே ஒரு அஞ்சு நிமிஷம், அவசர வேலை." சொல்லு ஆயின்னாரு. எனக்கு மொத வரி வரல. ரிப்போர்ட்டுக்கு வராத அதே மொத வரி. ஆவாரம்பூ பத்தி முன்ன சொன்னது தப்புன்னு போடுங்கன்னேன். "அப்ப பூ கெடுதலா?" தெரியாது. "நல்லதா?" தெரியாது சித்தப்பா. "ரெண்டுல ஒண்ணச் சொல்லு ஆயி. தெரியாதுங்கறதுக்கு எவனாச்சும் நோட்டீஸ் அடிப்பானா? இருவத்தாறு வருஷம் கடை நடத்தறன், நல்ல சேதி அடிச்சிருக்கன், கெட்ட சேதி அடிச்சிருக்கன், தெரியாதுன்னு ஒருத்தனும் வந்து அடிக்கல." இப்ப நான் வந்திருக்கேன். அடிங்க. அவரு அடிக்கறது கேக்குது, ரெண்டு வெரல்ல, டக்கு டக்குன்னு, அடிச்சிக்கிட்டே நோட்டீஸ் தமிழுக்கு மாத்திக்கிட்டே வாசிக்கறாரு. "ஆவாரம்பூக் கஷாயம் நோயைக் குணப்படுத்துமா, கெடுக்குமா என்பது இன்னும் தெரியாது. ஆகவே உடனே நிறுத்தவும். இதுவரை குடித்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவும். முன்பு சொன்னது தவறு. சரியா?" சரி. "கீழ யாரு பேரு? என் பேரு போட்டுக்கறன், நான்தான குடுத்தன்." இல்ல, என் பேரு. "பேரு எதுக்கு ஆயி, நாளைக்கு ஒனக்கு..." தில்லைநாயகின்னு போடுங்க சித்தப்பா. டாக்டர எடுத்துடுங்க. கீழ என் போன் நம்பரு. அப்புறம் ஒரே ஒரு பட்டன், நீளமா அமுக்கிப் பிடிச்ச சத்தம், எழுத்து ஒவ்வொண்ணா அழியறப்ப வர்ற சத்தமா இருக்கும்னு நெனைக்கறேன். "எடுத்துட்டன். எழுத்து எவ்ளோ பெருசு?" கண்ணாடி எடுத்துட்டு வராதவங்களுக்கும் தெரியற அளவு. "பதினொரு காப்பி போதும்ல?" பன்னண்டுன்னீங்களே. "நெய்வேலி வாத்தியாரு மூணு வாரமா வர்றதில்ல." ஏன் வர்றதில்லன்னு கேக்கறதுக்கு வாயத் திறந்தேன். அவரும் நான் கேப்பேன்னு காத்துக்கிட்டு இருந்தாரு. உள்ள மூணு பத்து அலாரம் அடிக்க ஆரம்பிச்சிது, பெனடிக்ட் அண்ணன் கண்ணாடிக் கதவத் தட்டி, "தில்லை, பிளேட்டு!"ங்கறாரு, கை காட்டினேன், வர்றேன்னு. வாத்தியாரு நம்பரு இருக்கா சித்தப்பா? "இருக்கு." பன்னண்டே அடிங்க. அந்தப் பக்கம் மெஷின் முக்கி எழுந்திரிச்சு ஓட ஆரம்பிச்சிது, ஒண்ணு, ரெண்டு, பேப்பர் வந்து விழற சத்தம், மூணு, அலாரத்த யாரோ அமுக்கிட்டாங்க, நாலு, நான் போன காதுலேர்ந்து எடுக்கல.